சண்டை இல்லாத போர்க்கதைகள்

பெங்களூரில் அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பட்டாளத்துக்காரர் ஒருவராவது இல்லாத பழைய தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிது. ஏரிக்கு அருகிலேயே மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் தலைமையகம் இருக்கிறது; தலைமுறை தலைமுறையாக அதில் சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அல்சூரிலும் மர்பி டவுனிலும் சிவாஜிநகரிலும் இன்றும் வாழ்கிறார்கள். எங்கள் தாத்தாவும் அந்தப் படையில் சாப்பராக, அதாவது பொறியாளர் படைவீரராக, இருந்தவர்தான். இரண்டாம் உலகப் போரில் வடக்கு ஆப்பிரிக்காவுக்கும் அங்கிருந்து இத்தாலிக்கும் போய்த் திரும்பியவர். அவர் சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தேன் என்றாலும், அவர் துப்பாக்கியால் யாரையாவது சுட்டதாக ஒரு கதையைக்கூட நான் கேட்டதில்லை. பலகை, கயிறு, சேறு, கோவேறு கழுதை, அடுப்பு, மழை ஆகியவையே அவருடைய போரில் இருந்தன. அக்கம்பக்கத்து வீடுகளில் விசாரித்தபோது அங்கும் பெரும்பாலும் இப்படித்தான் என்று தெரிந்தது. இந்தக் கதைகள் ஏன் இப்படி அமைந்தன, அவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை விளக்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். கண்டோன்மென்ட் பகுதியைப் பழைய பெங்களூர்க்காரர்கள் 'தண்டு' என்பார்கள். தமிழிலும் தண்டு என்றால் படை. சிவாஜிநகரில் உள்ள தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரிலும் அந்தப் பொருள்தான் இருக்கிறது. திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிறுத்தப்பட்ட ஆங்கிலேயப் படை அங்கே காய்ச்சலால் அவதிப்பட்டதால், 1809-இல் பெங்களூரில் படைமுகாம் அமைந்தது. அந்தப் படையோடு சிப்பாய்களாகவும் சமையற்காரர்களாகவும் கொத்தனார், தச்சர், சலவைத் தொழிலாளர், வணிகர் எனவும் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். இன்ஃபன்ட்ரி ரோடு, ஆர்ட்டிலரி ரோடு, பிரிகேட் ரோடு ஆகிய பெயர்கள் எல்லாம் அந்தத் தண்டின் மிச்சங்களே. கேவல்ரி ரோடுதான் இன்று காமராஜ் ரோடு.

சாப்பர் படை இந்த முகாமைவிடப் பழையது. 1780-இல் சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகளாக, அதாவது வழியமைக்கும் சிறு படைப்பிரிவுகளாக, தொடங்கப்பட்டது அது. பாதை வெட்டுவதும் பாலம் கட்டுவதும் மதிலைத் தகர்ப்பதும் கண்ணிவெடி வைப்பதும் பிறர் வைத்த கண்ணியை எடுப்பதும் சாப்பரின் வேலை. படை முன்னேறும்போது அதற்கு முன்னால் நடக்கவும், பின்வாங்கும்போது எல்லோரும் கடந்த பிறகு பாலத்தைத் தகர்த்துவிட்டுக் கடைசியாக வரவும் வேண்டியவர் அவர். தச்சுவேலையோ கொல்லுவேலையோ கொத்துவேலையோ தெரிந்த இளைஞர்களை இந்தப் படை விரும்பிச் சேர்த்துக்கொண்டது. வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றில் உளி பிடித்துப் பழகியிருந்த எங்கள் தாத்தாவும் அப்படித்தான் உள்ளே போனார். இந்தப் படையினருக்கு 'தம்பி' என்ற பெயர் நிலைத்தது. இந்திய ராணுவத்தில் இன்றுவரை மெட்ராஸ் சாப்பர் என்றால் தம்பிதான். தமிழே தெரியாத அதிகாரிகளும் அந்தச் சொல்லை வாஞ்சையோடு சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

தாத்தாவின் கதைகளில் மிகத் துல்லியமானது பாலம் கட்டியதைப் பற்றியது. போர்க்காலத்தில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்த பெய்லி பாலம்தான் அது. பத்தடி நீளமும் ஐந்தடி உயரமும் உள்ள இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி, ஊசி போன்ற பெரிய ஆணிகளால் பூட்டி, உருளைகளின் மேல் வைத்து, ஆற்றின் குறுக்கே எதிர்க்கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே போவார்கள். ஒரு சட்டத்தின் எடை சுமார் 260 கிலோ. அதைத் தூக்க ஆறு பேர் வேண்டும்; கிரேன் வேண்டியதில்லை. "ஒரு பக்கம் மூணு பேர், மறுபக்கம் மூணு பேர். கட்டையை அடியில கொடுத்து ஒரே மூச்சில தூக்கணும். ஒருத்தன் கால் சேத்துல வழுக்கிச்சுன்னா மீதி அஞ்சு பேரு தோளும் போயிடும். அதனால தூக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பூட்ஸால தரையைத் தேய்ச்சுப் பார்ப்போம்" என்று அவர் சொல்வார். சொல்லும்போதே திண்ணைக்குக் கீழே காலை இறக்கித் தரையைத் தேய்த்துக் காட்டுவார். இரவில், விளக்கில்லாமல், பேச்சில்லாமல், எதிரியின் பீரங்கிக் குண்டுகள் எட்டும் தூரத்தில் இதைச் செய்ய வேண்டும். ஆணி இறங்கியதா என்பதைக் கையால் தடவித்தான் தெரிந்துகொள்வார்களாம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு பெய்லி பாலத்தைப் பற்றிப் படித்தபோது, சட்டத்தின் அளவும் எடையும் தூக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் அவர் சொன்னவற்றோடு அப்படியே ஒத்திருக்கக் கண்டேன். ஆனால் அந்தப் பாலத்தை எங்கே, எந்த மாதத்தில் கட்டினார்கள் என்பதில் அவருடைய கதை ஒவ்வொரு முறையும் மாறும். ஒரே பாலம் ஒரு நாள் மழையில் கட்டப்படும், இன்னொரு நாள் பனியில் கட்டப்படும். ஒரு முறை உடனிருந்த நண்பர் மறுமுறை வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. இத்தாலியில் அடுத்தடுத்து ஆறுகள் குறுக்கிட்டன; பின்வாங்கிய ஜெர்மானியப் படை பாலங்களை ஒவ்வொன்றாகத் தகர்த்துவிட்டுப் போனது; சாப்பர்கள் அவற்றைத் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். ஒரே வேலையைப் பல முறை செய்தவருடைய நினைவில் கை செய்தது நிலைத்துவிடுகிறது, நாளும் இடமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. படைப்பிரிவின் போர்க்குறிப்பேடு இதற்கு நேர்மாறானது. அதில் தேதி, இடம், பாலத்தின் நீளம், முடித்த நேரம் எல்லாம் இருக்கும். பூட்ஸால் தரையைத் தேய்த்தது இருக்காது. ஒன்றை வைத்து மற்றதைப் பொய்யென்று தள்ளுவது இரண்டையும் இழப்பதில்தான் முடியும்.

சண்டை ஏன் கதைகளில் இல்லை என்பதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. போர்முனையிலிருந்து வந்த கடிதங்கள் அனைத்தும் தணிக்கைக்கு உட்பட்டவை. இருக்கும் ஊர், படைப்பிரிவின் நகர்வு, இறந்தவர் எண்ணிக்கை எதையும் எழுதக்கூடாது. எனவே சாப்பாடும் குளிரும் மணி ஆர்டர் வந்து சேர்ந்ததா என்ற விசாரிப்பும்தான் எழுத முடிந்தவை. ஆண்டுக்கணக்கில் இப்படி எழுதிப் பழகியவர்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்த அளவிலேயே பேசினார்கள் என்று நினைக்கிறேன். திரும்பி வந்த ஊரும் மாறிப்போயிருந்தது. போர் தொடங்கியபோது இரண்டு லட்சம் அளவில் இருந்த இந்தியப் படை 1945-க்குள் 25 லட்சமாகப் பெருகியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் விரைவிலேயே வேலையிழந்து வீடு வந்தார்கள். நாடு விடுதலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வெள்ளைக்காரனுக்காகப் போன போரின் வீரதீரத்தை யாரிடம் சொல்வது? வேலையைப் பற்றிச் சொல்வதில் அந்தச் சங்கடம் இல்லை.

இதற்கு மேல், சாப்பரின் துணிவே வேறு வகையானது என்பதை விருதுகளின் விதிகள்கூடக் காட்டுகின்றன. எதிரியை நேருக்கு நேர் சந்தித்துக் காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸ். எதிரி கண்முன் இல்லாத இடத்தில் காட்டும் வீரத்துக்கு 1940-இல் ஏற்படுத்தப்பட்ட ஜார்ஜ் கிராஸ். மெட்ராஸ் சாப்பர்களின் பதினோராவது ஃபீல்ட் பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியனுக்குக் கிடைத்தது ஜார்ஜ் கிராஸ்தான். 1944 பிப்ரவரியில் இத்தாலியில், காசினோவுக்குத் தெற்கே உள்ள மிஞ்ஞானோ அருகில், அவர் கண்ணி அகற்றும் குழு ஒன்றோடு சென்றார். முன்னால் போனவர் ஒரு கண்ணியை மிதித்துவிட்டார். அந்த வகைக் கண்ணி மிதித்தவுடன் வெடிப்பதில்லை. திரி பற்றி, சுமார் நான்கு நொடிகள் கழித்து மேலே எழும்பி வெடித்து, சுற்றிலும் இரும்புத் துண்டுகளைச் சிதறடிக்கும். அந்த நான்கு நொடிகளைப் பற்றிச் சாப்பருக்கு நன்றாகத் தெரியும். தரையில் குப்புற விழுந்து தப்பிக்கவும் அது போதும், இன்னொன்று செய்யவும் போதும். சுபேதார் கண்ணியின் மேல் விழுந்து மூடிக்கொண்டார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் இறந்தார். எதிரி ஒருவர்கூடக் கண்ணில் படாத ஒரு வயலில் நடந்தது இது. எங்கள் தாத்தா இந்தப் பெயரைச் சொல்லும்போது உட்கார்ந்திருந்தால் எழுந்துகொள்வார். நிகழ்ச்சியை விவரிக்க மாட்டார். அதை நான் பின்னாளில் படித்துத்தான் அறிந்தேன்.

இந்தப் படையின் கைத்திறம் ஊரின் பெயரோடு உலகம் சுற்றியதும் உண்டு. 1912-இல் மெட்ராஸ் சாப்பர்களைச் சேர்ந்த கேப்டன் மக்ளின்டாக், முள்கம்பி வேலியைத் தூரத்திலிருந்தே தகர்ப்பதற்காக வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று செருகி நீட்டும் கருவி ஒன்றைப் பெங்களூரில் உருவாக்கினார். குழாயின் முனை மழமழவென்று இருந்தால்தான் கம்பியில் சிக்காமல் உள்ளே போகும் என்பதே அதன் சூட்சுமம். 'பெங்களூர் டார்பிடோ' என்ற பெயரில் அது இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்க வீரர்கள் முள்வேலியில் வழி திறந்ததும் அதைக் கொண்டுதான். இந்த ஊரிலேயே பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

வீட்டில் இருந்தவர்களின் கதைகளுக்கு வருகிறேன். இவை பட்டாளத்துக் கதைகளைவிடக் குறைவாகவே மதிக்கப்படுகின்றன, ஆனால் எனக்கு இவைதான் அதிகம் சொல்கின்றன. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. தென்னிந்தியா பர்மா அரிசியை வெகுவாக நம்பியிருந்ததால், அந்தச் செய்தி வந்த சில மாதங்களிலேயே அடுப்படி வரை அதன் விளைவு எட்டியது. ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக உள்நாட்டுக்குக் கிளம்பினார்கள். அப்படி வந்த உறவினர்கள் ஒன்பது பேர் எங்கள் பாட்டியின் ஒற்றை அறை வீட்டில் தங்கினார்களாம். அரிசிக்கு ரேஷன் வந்தது. சோறே பழக்கமான தமிழ் வீடுகள் அக்கம்பக்கத்துக் கன்னடப் பெண்களிடம் ராகி முத்தை கிண்டக் கற்றுக்கொண்ட காலம் அது என்று பாட்டி சொல்வார். "முதல் நாள் கட்டி கட்டியா வந்துச்சு. பக்கத்து வீட்டு அம்மா வந்து என் கையிலேர்ந்து கோலை வாங்கி, இப்படி இல்லம்மா, சட்டியைக் காலால அழுத்திக்கோன்னு காட்டினாங்க" என்பார். எங்கள் வீட்டில் களி கிண்டும் முறை இன்றும் அதுதான்.

பாட்டியின் ட்ரங்க் பெட்டியில் நூலில் கோத்த ஓட்டைக் காலணாக்கள் இருந்தன. போருக்கு உலோகம் தேவைப்பட்டதால் அரசு 1943 முதல் நடுவில் பெரிய துளையிட்ட காலணாவை வெளியிட்டது; அதன் எடை பழைய காலணாவில் பாதிகூட இல்லை. "நடுவுல இருந்ததைத்தான் உங்க தாத்தாவுக்குக் குண்டு செய்ய எடுத்துக்கிட்டாங்க" என்று பாட்டி எங்களிடம் சொல்வார். கணக்குப்படி அது சரியல்ல. அந்தத் துளையிலிருந்து தோட்டா வரவில்லை. நாணயத்துக்குச் செலவாகும் உலோகம்தான் மிச்சப்படுத்தப்பட்டது. இருந்தாலும் உலோகத்தையும் போரையும் அந்தத் துளையையும் அவர் சேர்த்துப் புரிந்துகொண்டதில் தவறு இல்லை. மூன்றாண்டுகள் கணவர் வராத வீட்டில், கடைக்குப் போகும்போதெல்லாம் விரலில் தட்டுப்பட்ட நாணயம் அது.

பாட்டி சொன்னதில் நாங்கள் யாருமே நம்பாத கதை ஒன்று உண்டு. பெள்ளந்தூர் ஏரியில் ஏரோப்பிளேன் இறங்கியதை அவர் தன் அண்ணனோடு மாட்டு வண்டியில் போய்ப் பார்த்தாராம். ஏரியில் விமானமா என்று சிறுவர்களாகிய நாங்கள் சிரித்திருக்கிறோம். இன்று நுரை பொங்குவதாலும் தீப்பிடித்ததாலும் செய்தியில் அடிபடும் அந்த ஏரியைப் பார்ப்பவர்களுக்கும் அது கட்டுக்கதையாகத்தான் தோன்றும். ஆனால் அது உண்மை. 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1943-இல் அதை அமெரிக்க விமானப்படை ஏற்று, கிழக்குப் போர்முனையின் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரும் பட்டறையாக நடத்தியது. பழுதுபார்க்க வந்த விமானங்களில் கேட்டலினா என்ற நீர்விமானமும் உண்டு. முப்பது மீட்டருக்கும் அகன்ற இறக்கை கொண்ட அது தண்ணீரில் இறங்கக்கூடியது. தொழிற்சாலைக்கு அருகில் அதற்கேற்ற பெரிய ஏரி பெள்ளந்தூர். பாட்டியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் ஜாலஹள்ளிப் பக்கம் இத்தாலியப் போர்க்கைதிகள் இருந்தார்கள். 1940 டிசம்பரில் எகிப்தின் சிதி பர்ரானியில் நடந்த போரில் மட்டும் சுமார் 38,000 பேர் பிடிபட்டார்கள். அப்படிப் பிடிபட்டவர்களில் பல்லாயிரம் பேர் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் போரில் ஈடுபட்டது மெட்ராஸ் சாப்பர் கம்பெனிகளும் அடங்கிய நான்காவது இந்திய டிவிஷன். அல்சூர்க்காரர்கள் இத்தாலியர்களின் எதிரே பாலைவனத்தில் இருக்க, அந்த இத்தாலியர்கள் அல்சூர்க்காரர்களின் குடும்பங்களுக்குச் சில மைல் தொலைவில் வந்து சேர்ந்தார்கள். இரு பக்கத்துப் பெண்களும் கடிதத்துக்காகக் காத்திருந்த காலம் ஒன்றே.

நம்பாத கதை உண்மையானது போலவே, எல்லோரும் நம்பும் கதை பொய்யாவதும் உண்டு. கெட்டிக்காரனை, முரடனை, 'சரியான எம்டன்' என்று சொல்லாத தமிழ்க் குடும்பம் பெங்களூரில் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டு அரை மணி நேரத்தில் மறைந்தது. சொல் அங்கிருந்து வந்தது, அதுவரை சரி. ஆனால் அந்தக் கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்து வழிகாட்டினார் என்று இன்றும் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். இந்தக் கதையைப் பாட்டியின் கதையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். பாட்டியின் கதையில் மாட்டு வண்டியும் அண்ணனும் ஏரிக்கரையில் கால் புதைந்த சேறும் உண்டு. சொன்னவர் அங்கே இருந்தார். எம்டன் கதையைச் சொல்கிறவர்களில் அங்கே இருந்தவர் எவருமில்லை. கேட்பவர் பெருமைப்படத் தேவையானது மட்டுமே அதில் இருக்கிறது. கதை அதிசயமாக இருக்கிறதா என்பதை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். சொல்பவர் எங்கே நின்றார், அவருடைய கையில் என்ன இருந்தது என்று கேட்பதே நான் கண்ட வழி.

பின்வந்த போர்களின் கதைகளும் இதே போக்கில்தான் இருக்கின்றன. 1962-இல் பாதுகாப்பு நிதிக்காக வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்களைப் பற்றி அல்சூரில் கேட்கலாம். 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடனான போரில், மேற்கு முனையின் பசந்தர் ஆற்றங்கரையில் டாங்கிகள் கடப்பதற்காகக் கண்ணிவெளியில் பொறியாளர் படையினர் இரவில் வழி திறந்தார்கள். வேலை முற்றுப்பெறும் முன்பே டாங்கிகள் உள்ளே இறங்க வேண்டியிருந்தது. டாங்கிப் படையினர் அங்கே காட்டிய வீரம் பள்ளிப் பாடம் வரை வந்துவிட்டது. வழி திறந்தவர்களைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

அந்த ஆண்டு மேற்கு எல்லையில் இருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் மர்பி டவுனில் எங்கள் உறவினர் வீட்டுக்கு எதிரே குடியிருக்கிறார். போரைப் பற்றிக் கேட்டபோது முதலில் அவர் செய்தித்தாளில் வந்தவற்றையே சொன்னார். பிறகு, "அன்னிக்கு ராத்திரி உங்க கையில என்ன இருந்தது, ஐயா?" என்று கேட்டேன். சற்று நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளை நாடா" என்றார். கண்ணி எடுத்த வழியின் இரண்டு ஓரத்திலும் அடையாளத்துக்கு விரித்துக்கொண்டே போகும் நாடா. "டிசம்பர் குளிர், பனி இறங்கிக்கிட்டே இருக்கு. நாடா நனைஞ்சு ஒட்டிக்கிச்சு, உருளையிலேர்ந்து வரல. கையுறையோட பிரிக்க முடியாது. கழட்டி வாயில கடிச்சுக்கிட்டு வெறும் விரலால பிரிச்சேன். பின்னாடி டாங்கி சத்தம் கேட்குது." பிறகு அவர் எழுந்து உள்ளே போய், பேத்தியின் பள்ளிச் சீருடை ரிப்பனை எடுத்து வந்து, தண்ணீரில் நனைத்து, அதை எப்படிப் பிரித்தார் என்று எனக்குக் காட்டினார்.